பெட்டி மாறட்டும், சுவிட்ச் இருக்கட்டும்

கீரை விதைக்கிறவனுக்கு ஹோம் ஆட்டோமேஷன் பத்தி என்ன தெரியும்னு நீங்க நினைக்கலாம். அம்பத்தூர், ஆவடி அடுக்குமாடி வீடுகள்ல "லைட்டைப் போடு"ன்னு பெட்டிகிட்ட பேச ஆரம்பிச்சது இப்போதான். எங்க கிணத்து மேட்டுல அதுக்கு ரொம்ப முன்னாடியே மிஸ்டு கால் குடுத்தா மோட்டார் ஓட ஆரம்பிச்சிடுச்சு. மொபைல் ஸ்டார்ட்டர்னு சொல்லுவோம். ஸ்டார்ட்டர் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி, அதுக்குள்ள ஒரு சிம் கார்டு. அவ்ளோதான்.

அது வந்த காரணம் சொகுசு இல்லை. விவசாயத்துக்குக் கரண்டு இலவசம்தான். ஆனா மும்முனை மின்சாரம் பல வருஷமா முறை வெச்சுத்தான் வந்தது. பகல்ல 6 மணி நேரம், ராத்திரி 3 மணி நேரம். ராத்திரி முறை வந்தா டார்ச் எடுத்துக்கிட்டு வரப்புல நடக்கணும். ஈரக் கையோட ஸ்டார்ட்டரைத் தொடணும். வழியில பாம்பு வேற. 2000 முதல் 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில இறந்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020ல வந்த ஆய்வு ஒண்ணு மதிப்பிட்டிருக்கு. சராசரியா வருஷத்துக்கு 58 ஆயிரம். அதுல பெரும்பாலானவங்க கிராமத்து ஜனங்க. புனேக்காரர் சந்தோஷ் ஓஸ்த்வால் 'நானோ கணேஷ்'னு போன்ல மோட்டார் ஓட்டுற கருவியைக் கொண்டு வந்ததும், நம்ம வேளாண் பொறியியல் துறை இந்த மாதிரி கருவிக்கு மானியம் குடுக்கிறதும் இதனாலதான். அதனால நான் இந்தப் பெட்டிகளுக்கு எதிரி கிடையாது. பழைய காலம் பொற்காலம்னு சொல்ற ஆளும் கிடையாது. வீட்டுல இருந்தே என் மனைவி மோட்டாரை நிறுத்துறாங்க. அது பெரிய விஷயம்.

இந்த வருஷம் எங்க குடும்பத்துல ரெண்டு பெட்டி மாறிச்சு. பூந்தமல்லியைத் தாண்டி வெள்ளவேடு பக்கம் இருக்கிற என் நிலத்துல மொபைல் ஸ்டார்ட்டர். ஆவடியில அக்கா பையன் வீட்டுல, விளக்கு, ஃபேன், தண்ணி டேங்க் எல்லாத்தையும் இணைச்சு வெச்சிருந்த கன்ட்ரோலர். ரெண்டுலயும் ஒரே பாடம் கிடைச்சது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயத்தைக் கவனிங்க. ரெண்டு இடத்துலயும் கெட்டுப் போனது எதுவும் இல்லை. என் மோட்டார் நல்லா இருக்கு, ஒயர் நல்லா இருக்கு. அவன் வீட்டு பல்பு, சென்சார் எல்லாம் உசுரோட இருக்கு. நடுவுல உட்கார்ந்து உத்தரவு போடுற பெட்டிக்குத்தான் காலம் முடிஞ்சது. அதுவும் பெட்டி பழுதாகி இல்லை. பெட்டிக்கு வெளியில எங்கயோ யாரோ எடுத்த முடிவால.

எங்க பக்கத்துக் கதை சிம் கார்டு கதை. பழைய மொபைல் ஸ்டார்ட்டர் எல்லாம் 2ஜி. 2016 செப்டம்பர்ல வந்த ஜியோவுல 2ஜியே கிடையாது, அதனால அந்த சிம்மை இந்தப் பெட்டிக்குள்ள போட முடியாது. 2018 பிப்ரவரியில ஏர்செல் படுத்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல அது எவ்வளவு பெரிய கம்பெனி! நீங்க ஊர்ல நின்னு வேற நெட்வொர்க்குக்கு மாறினீங்க. வயல்ல பெட்டிக்குள்ள இருக்கிற சிம்முக்கு யார் போர்ட் பண்ணுவாங்க? அந்த வருஷக் கடைசியில, மாசம் 35 ரூபாய்க்காவது ரீசார்ஜ் பண்ணணும்னு கம்பெனிகள் கொண்டு வந்தாங்க. 2024 ஜூலையில அது 200 ரூபாயை ஒட்டி வந்துடுச்சு. 28 நாள் கணக்குல வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். மோட்டார் என்ன வீடியோவா பார்க்குது? அதுக்கு வேணும்னா நாலு கால், நாலு எஸ்.எம்.எஸ். பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் தரணும்னு டிராய் 2024 டிசம்பர்லதான் விதி போட்டது.

நகரத்துக் கதை சர்வர் கதை. அமெரிக்காவுல ரிவால்வ்னு ஒரு பெட்டி, விலை 300 டாலர். கூகுள் குடும்பத்து நெஸ்ட் கம்பெனி அதை 2014ல வாங்கிச்சு, 2016 மே மாசம் சர்வரை மூடிடுச்சு. நல்லா இருந்த பெட்டி ஒரே நாள்ல செங்கல் ஆச்சு. 2022 ஏப்ரல்ல இன்ஸ்டியான்னு இன்னொரு கம்பெனி, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாம சர்வரை நிறுத்திடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. இன்ஸ்டியான் வெச்சிருந்தவங்க எல்லார் வீடும் இருட்டாகலை. சுவர்ல இருந்த அவங்க சுவிட்ச்சைக் கையால தட்டினா விளக்கு எரிஞ்சது. பெட்டியை வீட்டுக்குள்ளயே ஓடுற ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி மென்பொருளோட இணைச்சிருந்தவங்களுக்கு ஆட்டோமேஷனும் தொடர்ந்து ஓடிச்சு. ஆப்பை மட்டும் நம்பினவங்கதான் தவிச்சாங்க.

ஆவடியிலயும் இதேதான். பழைய கம்பெனி ஆப்பைக் கைவிட்டது. அக்காவுக்கு எழுபது தாண்டிடுச்சு. ராத்திரி எழுந்தா பாத்ரூம் வழியில சென்சார் பார்த்து பல்பு எரியணும். ஒரு நாள் எரியலை. ஸ்மார்ட் பல்பு வெச்சவங்க வீட்டுல பார்த்திருப்பீங்க, யாரும் தெரியாம அணைச்சிடக் கூடாதுன்னு சுவர் சுவிட்ச் மேல டேப் ஒட்டி வெச்சிருப்பாங்க. அக்கா இருட்டுல சுவரைத் தடவி, அந்த டேப்பை நகத்தால பிய்ச்சு, சுவிட்ச்சை அணைச்சுப் போட்டுத்தான் வெளிச்சம் பார்த்தாங்க. நல்ல வேளை, விழலை. மறுநாள் அவன்கிட்ட சொன்னது ஒரே வரி: "சுவிட்ச் போட்டா லைட் எரியணும்டா, மத்ததெல்லாம் உன் இஷ்டம்." இதைவிட நல்ல விதியை நான் எந்த இன்ஜினியர்கிட்டயும் கேட்டதில்லை.

அவன் என்கிட்ட கேட்டான், "மாமா, நீங்க எப்படி ஒரு நாள்கூட தண்ணி நிக்காம மாத்தினீங்க?"

பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. எங்க போர்டுல ஆட்டோ, மேனுவல்னு ஒரு செலக்டர் சுவிட்ச் இருக்கு. அதைத் திருப்பினா பெட்டி ஒதுங்கிடும், பச்சை பட்டன் அமுக்கி மோட்டாரைப் போடலாம். சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் இருபத்தஞ்சு, முப்பது நாள் பயிர். சித்திரை வெயில்ல ரெண்டு நாள் தண்ணி காட்டலைன்னா கோயம்பேட்டுக்கு அனுப்ப ஒண்ணும் இருக்காது. அதனால பெட்டி செத்தாலும் தண்ணி பாயற வழி எங்களுக்கு முதல்ல வேணும். அதுக்கு மேலதான் ஆட்டோமேஷன்.

பழைய பெட்டியைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதுல இருந்த கணக்கை எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டேன். எத்தனை ஆம்ப்ஸ் தாண்டினா மோட்டாரை நிறுத்தணும், தண்ணி இல்லாம ஓடினா எத்தனை ஆம்ப்ஸுக்குக் கீழ இறங்கும், கரண்டு வந்து எத்தனை நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகணும், எந்தெந்த போன் நம்பருக்குப் பதில் சொல்லணும். 5 ஹெச்.பி. மோட்டாருன்னா ஏழெட்டு ஆம்ப்ஸ் இழுக்கும்னு பொதுவா சொல்லலாம். ஆனா உங்க மோட்டார், உங்க ஆழம், உங்க வோல்டேஜுக்கு என்ன இழுக்குதுங்கிறது வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்து வெச்ச நம்பர். பெட்டி கடையில கிடைக்கும், அந்த நம்பர் கிடைக்காது. புதுசை மாட்டின அப்புறமும் பழைய பெட்டியை ஒரு கீரை அறுப்பு முடியற வரைக்கும் போர்டுலயே விட்டு வெச்சேன்.

ஆவடியில மருமகனும் அதே மாதிரிதான் பண்ணினான். எந்த விளக்கு எந்த நேரத்துக்கு எரியணும், எந்த சென்சார் எதை எழுப்பணும்னு முதல்ல காகிதத்துல எழுதினான். ஜிக்பி கருவிகளை மொத்தமா தூக்கிப் புதுப் பெட்டியில போட முடியாது. ஒவ்வொண்ணா பழசுல இருந்து பிரிச்சு, ரீசெட் பண்ணி, புதுசோட சேர்க்கணும். நேரா கரண்டுல ஓடுற கருவிகளை முதல்ல சேர்த்தான். அதுங்கதான் சிக்னலை அடுத்த அறைக்குக் கடத்தும். பேட்டரியில ஓடுற சென்சார்களைக் கடைசியில சேர்த்தான். ஒரு அறை முடிஞ்சு ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் அடுத்த அறை. அக்கா நடக்கிற வழியில ஸ்மார்ட் பல்பை எடுத்துட்டு, சாதா பல்பு போட்டு, சுவர் சுவிட்ச்சுக்குப் பின்னாடி ரிலே வெச்சான். இப்போ சென்சாரும் எரிய வைக்கும், கையும் எரிய வைக்கும். கன்ட்ரோலர் வீட்டுக்குள்ளயே ஓடுது. நெட் போனாலும் வேலை நிக்காது.

நெட் எங்க போகப் போகுதுன்னு கேட்காதீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் பக்கம் தண்ணி நின்ன நாட்களை நினைச்சுப் பாருங்க. கரண்டு போச்சு, செல்போன் டவர் போச்சு. கரண்டு ஒரு நாள், நெட் இன்னொரு நாள்னு தனித்தனியாத்தான் திரும்பி வந்தது. கரண்டு வந்த வீட்டுல, நெட் வர்ற வரைக்கும் விளக்குக்குக் காத்திருக்கிறது என்ன நியாயம்?

என் கருத்து இதுதான். பெட்டி மாறிக்கிட்டேதான் இருக்கும், அதைத் தடுக்க முடியாது. 2022 அக்டோபர்ல மேட்டர்னு ஒரு பொதுத் தரம் வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாரும் அதுல சேர்ந்திருக்காங்க. நல்ல விஷயம், நாளைக்கு மாத்துறது இதைவிட சுலபமாகலாம். ஆனா பெட்டி இல்லாம வீடு நடக்குமாங்கிற கேள்விக்கு எந்தத் தரமும் பதில் சொல்லாது. அதை ஒயரிங் பண்ற அன்னைக்கே நாமதான் தீர்மானிக்கணும்.

விக்கிறவங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோட இணையற கருவியை விக்கிறவங்க எத்தனை காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவாங்கன்னு சொல்லியாகணும்னு சட்டம் இருக்கு. பிஸ்கட் பாக்கெட்டுக்குத் தேதி போடுறோம், ஆயிரக்கணக்குல விலை போற கன்ட்ரோலருக்கு ஒரு வரி போட முடியாதா? அரசு மானியத்துல குடுக்கிற மொபைல் ஸ்டார்ட்டருக்கு இன்னும் கறாரா ரெண்டு நிபந்தனை வேணும். மேனுவல் செலக்டர் சுவிட்ச் கட்டாயம் இருக்கணும். ஆப் இல்லாமலும், போன் கால்லயும் எஸ்.எம்.எஸ்ஸிலயும் இயங்கணும். இல்லைன்னா மானியப் பணம் போய்ச் சேர்றது விவசாயிக்கு இல்லை, ஒரு சர்வருக்கு.

நீங்க புதுப் பெட்டி வாங்கப் போறீங்கன்னா கடைக்காரர்கிட்ட இது என்னென்ன பண்ணும்னு அப்புறம் கேளுங்க. இது செத்துப் போனா என் வீட்டுல என்னென்ன நிக்கும்னு முதல்ல கேளுங்க. "ஒண்ணும் நிக்காது சார், சுவிட்ச்சைத் தட்டினா எரியும்"னு சொன்னா தாராளமா வாங்குங்க.