ஏக்கருக்கு நாற்பது புள்ளி

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான காணி நிர்ணய வர்த்தமானி வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கரைக் குறிவைத்தது. அதில் முல்லைத்தீவின் பங்கு 1,703 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராதவரின் காணி அரசுக்கு. யூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் பின்வாங்கியது. ஆனால் அந்த வர்த்தமானியைப் பெற்ற பழக்கம் அப்படியே இருக்கிறது: தரவு திணைக்களத்தில், அதன் படம் மட்டும் மக்கள் கையில்.

முல்லைத்தீவின் தண்ணீரூற்றுக்கு இது பழைய நோவு. 1990 ஒக்டோபரில் இங்கிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இறுதி யுத்தத்தில் எஞ்சிய சனமும் இடம்பெயர்ந்தது. ஆளில்லாத தோட்டக்காணி வன்னி மாரியில் சில வருடங்களிலேயே பற்றையாகும், இருபது வருடத்தில் காடாகும். திரும்பி வந்தவரிடம் உறுதி இருந்தது. வரைபடத்திலோ பச்சை நிறம் இருந்தது. வடக்கின் காட்டு எல்லைகளை 1985 வரைபடத்தின்படி பார்க்குமாறு 2023 இல் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பணிக்க வேண்டி வந்ததே இந்தக் குளறுபடிக்குச் சாட்சி.

இனி, மக்கள் கைக்கு வராத அந்தத் தரவு எவ்வளவு பெரிது என்ற கணக்குக்கு வருவோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி பத்து மீற்றர் சதுரம். ஏக்கருக்கு நாற்பது புள்ளி. முல்லைத்தீவின் 1,703 ஏக்கருக்கு ஏறத்தாழ 69,000 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பைட் என்றால், ஒரு பட்டைக்கு 138 கிலோபைட். நீலம், பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு நான்கையும் சேர்த்தாலும் அரை மெகாபைட்டைச் சற்றே தாண்டும். வாட்ஸ்அப்பில் வரும் கலியாணக் காணொளி இதைவிடப் பலமடங்கு பெரிது! 1984 இல் ஏவப்பட்ட லான்ட்சாட் 5 இன் முப்பது மீற்றர் புள்ளிகளில் இதே நிலம் ஒரு பட்டைக்கு எட்டுக் கிலோபைட்டுக்கும் குறைவு. லான்ட்சாட் களஞ்சியம் 2008 முதல் உலகுக்கே இலவசம்.

தரவைக் கொடுக்காமலிருக்கத் தொழில்நுட்பச் சாக்குச் சொல்பவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது, அது உண்மையும்கூட. போஸ்ட்ஜிஸ் தரவுத்தளத்தில் எல்லைக்கோடுகளை இரும வடிவில் நேரே அனுப்பவும் வாங்கவும் வழி உண்டு. 2012 இல் 2.0 பதிப்போடு சேர்ந்த, புள்ளிப் படங்களுக்கான ராஸ்டர் வகைக்கு அந்த வாசல் வைக்கப்படவில்லை; அது பதினறும எழுத்தாக வெளிவருகிறது. பைட்டுக்கு இரண்டு எழுத்து, எனவே பருமன் இரட்டிப்பு. இரும நகலெடுப்புக் கட்டளை கொடுத்தால் தரவுத்தளம் மறுத்துவிடும். சரி, 138 என்பது 276 ஆகட்டும். அதையும் தவிர்க்க, ராஸ்டரை வெறும் பைட்டுகளாக மாற்றி அனுப்பும் செயற்கூறு அங்கேயே இருக்கிறது. ஒரு வரி வேலை.

அந்தப் பைட்டுகளின் தலையில் இருக்கும் 61 பைட்தான் விசயம். பட்டைகள் எத்தனை, மூலைப்புள்ளி எங்கே, புள்ளியின் அளவு என்ன, எந்த ஆள்கூற்று முறை, அகலம், உயரம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆள்கூற்று முறைக்குரிய இடத்தில் 5235 என்று இருந்தால் அது இலங்கையின் 1999 கட்டவலை. படத்தை வெறும் ஜேபெக்காக்கினால் இந்த 61 பைட்டும் போகும், அகச்சிவப்பும் போகும், அயல் புள்ளிகளின் பெறுமானங்களும் கலங்கும். மிஞ்சுவது பச்சை. அறுவடைக்குப் பின் வெறுமையாகும் வயலையும் ஆண்டு முழுக்கப் பசுமையாய் நிற்கும் காட்டையும் பிரிக்க, மாதவாரியான பெறுமானங்கள் வேண்டும். நிறம் தீட்டிய ஒரு தாள் போதாது.

“கிராமத்துச் சனம் இதைத் திறந்து என்ன செய்யும்?” என்று கேட்பவர்கள் உண்டு. உறுதியை வாசிக்க நொத்தாரிசிடம் போகிற சனத்துக்கு இதைத் திறக்கவும் ஆள் தெரியும். பாதுகாப்பு என்ற சாட்டுக்குப் பதிலே தேவையில்லை. வெளிநாட்டுச் செய்மதி இலவசமாகக் கொடுப்பதைப் பிரதேச செயலகத்தில் பூட்டி யாரைக் காப்பது?

மூலப் புள்ளிப் பெறுமானங்களையும் அவற்றை எடுத்த திகதிகளையும் இணைக்காத எந்தக் காட்டு எல்லை அறிவித்தலும் செல்லாது என்று சட்டம் வர வேண்டும். முன்திகதியிட்டு, 2009 க்குப் பிந்திய அறிவித்தல்கள் எல்லாவற்றுக்கும்.