படகே இல்லமாக

விரைவையே பெருமையெனக் கருதும் நாம், நடைவேகத்தில் நாடு கண்ட ஒரு தம்பதியரைச் சற்றே நினைத்துப் பார்ப்போம்.

1939 ஆம் ஆண்டு ஜூலை மாதம், இங்கிலாந்தின் பான்பரி நகரிலிருந்து ரோல்ட் என்பாரும் அவர்தம் புதுமனைவி ஏஞ்சலாவும் ‘கிரெஸி’ என்னும் பழைய மரப்படகில் புறப்பட்டனர். ஏழடி அகலமே கொண்ட அப்படகுதான் அவர்களுக்கு அடுக்களையும் படுக்கையறையும் நூலகமும்.

புகையிரதமும் லொறியும் வந்தபின் அந்நாட்டுக் கால்வாய்கள் பல கேட்பாரற்றுத் தூர்ந்து கிடந்தன. அவ்வழிவைத் தம்பதியர் கண்ணாரக் கண்டனர். அப்பயணத்தைக் கூறும் ரோல்ட்டின் ‘நரோ போட்’ என்னும் நூல் 1944 இல் வெளிவந்து பலரது நெஞ்சைத் தொட்டது. 1946 இல் கால்வாய்களைக் காக்கச் சங்கமொன்று தோன்றியது. அதனை நிறுவியோருள் ரோல்ட்டும் ஒருவர். காலப்போக்கில் தூர்ந்த கால்வாய்கள் பல மீண்டும் நீர் கண்டன. கெனற்-ஏவன் கால்வாய் 1990 இல் மீளத் திறக்கப்பட்டது.

ஆயினும், நாம் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 1951 இல் படகு வாழ்க்கை முடிந்தது, தம்பதியரும் பிரிந்தனர். கால்வாயைத் தூர்வார ஊர் திரண்டு வரும். இல்லறத்தைத் தூர்வார இருவரையன்றி வேறு யார் வருவார்?