லீன் பயிற்சி: பட்டறைத் தொழிலாளிக்கு இதில் என்ன இருக்கிறது?

பூந்தமல்லி - ஆவடி சாலையில் உள்ள பாரிவாக்கத்தில் இருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை அதிக தூரமில்லை. 1964-ல் தொடங்கிய அந்தப் பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாகன உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அங்கெல்லாம் இப்போது அடிபடும் சொல் ‘லீன்’.

சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான லீன் திட்டத்தை மத்திய அரசு 2023 மார்ச் 10-ல் புது வடிவில் தொடங்கியது. அடிப்படை, இடைநிலை, மேம்பட்ட நிலை என மூன்று படிகள். ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது.

லீன் என்பது என்ன?

டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை இது. காத்திருப்பு, தேவைக்கு மேல் உற்பத்தி, ரிஜெக்‌ஷன் என வீணாவதைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் சாரம். 1,000 டன் பிரஸ்ஸில் டை மாற்ற அங்கே 4 மணி நேரம் ஆனதாம்; அதை 3 நிமிடமாகக் குறைத்ததை ஷிகியோ ஷிங்கோ பதிவு செய்திருக்கிறார். மந்திரம் ஒன்றுமில்லை. மெஷின் ஓடும்போதே அடுத்த டை, போல்ட், ஸ்பேனர் எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த போல்ட் தகராறு செய்யும் என்பது தினமும் கை வைக்கும் ஆபரேட்டருக்குத்தான் தெரியும். அவரைப் பேச விடாத பயிற்சியில் சுவரில் 5எஸ் போர்டு மட்டுமே மிஞ்சும்.

இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998-ல் டெமிங் விருது பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அதுவே முதல்முறை. அந்த விருது தர நிர்வாகத்துக்கானது என்றாலும், லீனுக்கு நெருங்கிய சொந்தம்.

தொழிலாளி ஏன் தயங்குகிறார்?

‘நாலு பேர் வேலையை மூணு பேர் செஞ்சா, நாலாவது ஆள் எங்க போவான்?’ பயிற்சி வகுப்பில் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அதை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு வேலை சீக்கிரம் முடிவது வருமான இழப்பு.

டொயோட்டாவும் இதைக் கடந்துதான் வந்தது. 1950-ல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். பின்னர் வேலைப் பாதுகாப்பு உறுதியான பிறகே தொழிலாளர்கள் யோசனைகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். இங்கே முறையை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, உத்தரவாதத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் சிக்கல்.

அதிலும் கான்ட்ராக்ட் ஆட்களை நம்பி ஓடும் பட்டறை என்றால் கேட்கவே வேண்டாம். ஆலோசகர் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள், கற்றவர் நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் பக்கத்து கம்பெனிக்குப் போயிருப்பார். மறுநாள் அதே பிரஸ் முன்னால் புதிய ஹெல்பர் நிற்பார். செட்டிங் நேரம் பழையபடி ஏறும்.