யார் உடம்பு, யார் மருந்து?

கொஞ்ச நாளைக்கு முன்னால் வங்கியில் நகைக்கடன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா ரெண்டரைப் பவுன் சங்கிலியைக் கழற்றி வைத்தார். "பிள்ளைக்குக் கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு சார். சாதாரண நெறின்னுதான் நெனச்சோம்" என்றார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அதில் பர்கிட் லிம்போமா என்று எழுதியிருந்தது. "இது என்ன சார் பேரு?" எனக்குத் தெரியவில்லை. கடனை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

தோழர்களே, லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். பர்கிட் என்பது ஒரு டாக்டரின் பெயர். அந்தப் பெயரை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் உகாண்டாவின் ஏழைப் பிள்ளைகள்.

1957இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் தாடை வீங்கிய ஒரு சிறுவனைப் பார்க்கிறார் அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட். 1958இல் கட்டுரை எழுதுகிறார். 1961இல் ரெண்டு நண்பர்களோடு காரில் சுமார் 10,000 மைல் சுற்றி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரிக்கிறார். வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில்தான் கட்டி வருகிறது என்று தெரிகிறது. மலேரியாவுக்கும் இதற்கும் உள்ள உறவு பின்னால் புலப்பட்டது.

அந்தப் பிள்ளைகளின் கட்டித்துண்டுகள் விமானத்தில் லண்டன் போயின. 1964இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் அதிலொரு வைரஸைக் கண்டார்கள். மனிதருடைய புற்றுநோயோடு தொடர்புள்ளதாகத் தெரியவந்த முதல் வைரஸ் அதுதான். அதற்கு எப்ஸ்டீன்-பார் என்று பெயர். டிரினிடாடில் பிறந்த அச்சோங்கின் பெயர் விட்டுப்போச்சு. துண்டு கொடுத்த பிள்ளைகளின் பெயரை யாரும் கேட்கக்கூட இல்லை.

1967இல் கம்பாலாவிலேயே லிம்போமா சிகிச்சை மையம் திறந்தது. கத்திக்கு அடங்காத கட்டி சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்துக்குக் கரைந்தது. மருந்தாலேயே புற்றுநோயைக் குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் அந்தப் பிள்ளைகளும் உண்டு.

ஆராய்ச்சி நிற்கவில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு: இந்த வகை நோய் முற்றிய 328 பிள்ளைகள், 12 நாடுகள். பழைய மருந்துகளோடு ரிடுக்சிமாப் சேர்த்துக் கொடுத்தார்கள். மூணு வருசம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 94 பேர். சேர்க்காதவர்களில் 82 பேர். பெரிய வெற்றி, மறுக்கவில்லை. அந்த 12 நாடுகளில் உகாண்டா இல்லை.

பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நோய்க்கு அடையாளம் கொடுத்த ஆப்பிரிக்காவில் பல இடங்களில் பாதிப்பேர்கூடப் பிழைப்பதில்லை. மருந்து வேலை செய்யாததாலா? இல்லை. நோய் முற்றிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் பாதியில் வைத்தியத்தை விடுகிறார்கள். ஏற்ற ரத்தம் கிடைப்பதில்லை. காய்ச்சல் வந்தால் கவனிக்க நர்ஸ் இல்லை. நுண்ணோக்கியில் தெரியாத காரணங்கள் இவை.

விஞ்ஞானத்தை வெறுக்கச் சொல்ல வரவில்லை நான். மந்திரமும் தாயத்தும் நம் பிள்ளைகளைக் காப்பாற்றாது. மருத்துவமும் உயிரியலும் படிக்கிற தம்பி தங்கைகளே, ஆய்வுக்கூடத்துக்குள் போங்கள். போகும்போது ரெண்டு கேள்வியையும் கொண்டுபோங்கள்: யார் உடம்பிலிருந்து இந்த அறிவு வந்தது? மருந்து அவர்களிடம் திரும்பிப் போகிறதா? புது மருந்து கண்டுபிடிப்பதோடு ஆராய்ச்சி முடியவில்லை. அது கடைசிப் பிள்ளை வரைக்கும் போய்ச் சேர வழி கண்டுபிடிப்பதும் ஆராய்ச்சிதான்.

அந்த அம்மா போன வாரம் வட்டி கட்ட வந்தார். பையன் பிழைச்சிட்டான், பள்ளிக்கூடம் போறானாம். சங்கிலி இன்னும் எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது.