செவ்வாயில் ஒரு குளிர் இரவு

லிதியம் மின்கலத்துக்குக் கடும் வெப்பமும் ஆகாது, கடுங்குளிரும் ஆகாது. வெப்பம் மிகுந்தால் கலம் உப்பிக் கெடும். குளிர் மிகுந்தாலோ உள்ளே அயன்களின் ஓட்டம் தளர்ந்து, உட்தடை பெருகி, மின்னழுத்தம் சரியும். குளிர்நாடுகளில் வானொலி அலையால் இயங்கும் விளையாட்டு ஹெலிகொப்டர் காலையில் எழும்பத் திணறுவது இதனாலேயே. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால், லிதியம் உலோகமாகவே உள்ளே படிந்துவிடும்.

இதற்குச் சிறந்த சான்று, 2021 ஏப்ரல் 19இல் செவ்வாய்க் கிரகத்தில் முதன்முறை பறந்த இஞ்ஜினியூட்டி என்னும் ஹெலிகொப்டர். அதன் திணிவு 1.8 கிலோகிராம், கலங்கள் ஆறு. இரவில் அங்கே பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகைக்கும் அப்பாற்பட்ட குளிர். சூரிய ஒளியால் பெற்ற மின்சாரத்தில் பெரும்பங்கு, இரவில் சூடாக்கிகளுக்கே செலவாயிற்று. பறப்பதற்கு எஞ்சியது சொற்பமே!

2022 மே மாதத்தில் தூசியும் நெருங்கிவரும் குளிர்காலமும் ஒளியைக் குறைத்தன. ஓர் இரவில் மின்சாரம் தீர்ந்து, கடிகாரம் தடுமாறிற்று, ஹெலிகொப்டர் மௌனமாயிற்று. துணை ஊர்தியான பெர்சிவியரன்ஸை ஏறக்குறைய நாள் முழுவதும் செவிமடுக்கச் செய்தனர். மே 5இல் பதில் வந்தது. அதன்பின் நாசா விஞ்ஞானிகள் எடுத்த முடிவு துணிகரமானது: -15 பாகையில் இயங்கத் தொடங்கும் சூடாக்கிகள், இனி -40 பாகையிலேயே இயங்கட்டும். கலங்கள் குளிர்ந்தாலும் மின்சாரம் மிஞ்சுமல்லவா? சிக்கனம் என்பதா, சூதாட்டம் என்பதா?

கலங்கள் தாங்கின. ஐந்து முறை பறந்தாற் போதுமென்று அனுப்பப்பட்ட ஹெலிகொப்டர், 2024 ஜனவரி 18 வரை 72 முறை பறந்தது. தரையிறங்குகையில் இறக்கை முறிந்த அந்நாளிலும் அதன் மின்கலங்கள் உயிரோடிருந்தன.