இலைமேல் வாழும் கிருமிகள்

கிருமி என்றவுடன் பிணியை நினைப்பதே நம் ஜனங்களின் வழக்கம். பயிர்களின் இலைப்பரப்பில் குடியிருக்கும் மெத்திலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்புக் கிருமியின் விஷயம் வேறு.

இலை வளருங்கால் அதன் உயிரணுச் சுவர்கள் விரிகின்றன. அச்சமயம் மெத்தனால் என்னும் சாராய வகை ஆவி இலைத்துளைகளின் வழியே சிறிதளவு வெளிப்படுகின்றது. கழிவென்று கருதத்தக்க அவ்வாவியே இக்கிருமிக்கு ஆகாரம். உண்ட வீட்டுக்கு அது செய்யும் கைம்மாறும் சிறிதன்று. உயிரணுக்கள் பெருகத் தூண்டும் சைட்டோகைனின், வேர்விடத் துணைபுரியும் ஆக்ஸின் ஆகிய ஹார்மோன்களை அது உண்டாக்குகின்றது. இதனினும் முக்கியமானது மற்றொன்று. மழை பொய்த்து மண் காயும்போது பயிரானது எத்திலீன் என்ற வாயுவைத் தன்னுள் மிகுதியாக உற்பத்தி செய்துகொள்ளும்; இலை அகாலத்தில் பழுப்பதிலும் பூவும் பிஞ்சும் உதிர்வதிலும் அதற்குப் பெரும் பங்குண்டு. அந்த எத்திலீனுக்கு மூலமான பொருளையே இவ்வினத்துக் கிருமிகள் பல சிதைத்து விடுகின்றன.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இக்கிருமியைத் திரவமாக வளர்த்து, வறட்சிக் காலத்தில் நூறு லிட்டர் நீருக்கு ஒரு லிட்டர் வீதம் கலந்து காலையிலோ மாலையிலோ இலைமேல் தெளிக்கச் சிபார்சு செய்து வருகின்றது. இது மழைக்கு மாற்றன்று. சில நாள் வறட்சியைப் பயிர் தாங்குவதற்கான உதவியே. பூச்சிமருந்துடன் கலந்து ஒரே தெளிப்பில் வேலையை முடிக்க நினைப்பவர், அமுதையும் நஞ்சையும் ஒரே குடத்தில் ஊற்றியவராவார்.

புட்டியில் இருப்பது உயிருள்ள சரக்கு என்பதை நாம் வற்புறுத்த விரும்புகிறோம். கடைவாசலில் வெயிலில் கிடந்தால் அது செத்துப்போகும். செத்ததும் உயிருள்ளதும் குடியானவன் கண்ணுக்கு ஒன்றே. கருகும் பயிரைக் காக்கக் கடன்பட்டு வாங்கியவன் வெறும் தண்ணீரைத் தெளித்து ஏமாறுவது எவ்வளவு பெரிய கொடுமை!

சட்டமில்லை என்று அதிகாரிகள் கூறுவதற்கில்லை. 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின் கீழ் 2006-ல் உயிர் உரங்களும், 2021-ல் உயிருள்ள கிருமிகள் உட்படப் பயிரூக்கிகளும் கொண்டுவரப்பட்டன. நாம் கேட்பது ஒன்றே. பரிசோதனைக்குரிய மாதிரியைத் தொழிற்சாலையில் எடுத்தாற் போதாது. சித்திரை வெயிலில் கிராமத்துக் கடையில் இருந்த புட்டியிலிருந்தே எடுத்தல் வேண்டும். உயிரெண்ணிக்கை குறைந்திருப்பின் அப்பருவம் முடிவதற்குள் குடியானவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்தல் வேண்டும்.