வாங்கும் முன்... ஷூவுக்கு அடியில் ஆணி! பனிநாட்டுக்குப் போகும் அம்மா, அப்பாக்களுக்கு

அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்காகப் போன டிசம்பரில் கனடாவின் ஸ்கார்பரோவுக்குப் போனார் அம்மா. போன 19-ம் நாள் வீட்டு வாசலில் விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பேத்தியைத் தூக்கப் போனவருக்கு, ஆறு வாரம் யாராவது குழந்தையை மடியில் கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு.

சூப்பர் விசாவில் போகும் பெற்றோர் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரி செலவு கையைக் கடிக்கவில்லை. ஆனால், ``புள்ளையைப் பார்த்துக்க வந்துட்டு, எனக்கு நீ தலை வாரி விடுற மாதிரி ஆயிடுச்சே" என்று அம்மா அக்காவிடம் அழுததற்கு எந்த இன்ஷூரன்ஸும் இல்லை.

இத்தனைக்கும் அம்மா வெறும் ஷூவோடு விழவில்லை. அங்கே `ஐஸ் கிளீட்ஸ்' என்று ஒன்று விற்கிறார்கள். ஷூவுக்கு அடியில் இழுத்து மாட்டிக்கொள்ளும் ரப்பர் சட்டம். அதில் சின்னச் சின்ன ஆணிகள். நம் ஊரில் மழைக்காலத்தில் குடை எப்படியோ, அங்கே குளிர்காலத்தில் வாசலில் இதுவும் ஒன்று கிடக்கும். அக்கா ஆன்லைனில் மலிவாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டாவது வாரமே ஆணி பதித்திருந்த ஓட்டையைச் சுற்றி ரப்பர் கிழிந்துவிட்டது. அம்மா அதை அக்காவிடம் சொல்லவில்லை. ``சொன்னா அவ மறுபடியும் காசு செலவு பண்ணுவா" என்று தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு, பெரிய பேரனைப் பள்ளியில் விட்டுவந்திருக்கிறார். ஒருநாள் திரும்பி வரும்போது வலது காலில் அது கழன்று எங்கோ விழுந்ததே தெரியவில்லை. வாசல் சரிவில் குதிகால் வைத்தார். அவ்வளவுதான்.

இந்த நவம்பரில் அம்மா மறுபடி போகிறார். `எதை வாங்குவது என்று நீயே பார்த்துச் சொல்' என்று அக்கா என்னிடம் தள்ளிவிட்டார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஐஸைப் பற்றிப் படிப்பது கொஞ்சம் காமெடிதான். ஆனால், இந்தப் பத்தியைப் படிக்கும் பல வீடுகளில் இதே டிசம்பர் டிக்கெட் இருக்கும் என்பதால் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். குளிர் கூடினால் வழுக்கலும் கூடும் என்று நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ். மைனஸ் 20-ல் இருக்கும் ஐஸைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி, மேலே ஈரம் பூத்திருக்கும் ஐஸ்தான் மோசமாக வழுக்கும். பகலில் வெயிலுக்குக் கொஞ்சம் உருகி, ராத்திரி மறுபடி உறைந்தால் தரையில் கண்ணாடி போட்டதுபோல ஆகிவிடும். தார் ரோட்டின் கறுப்பே அதன் வழியாகத் தெரிவதால் ஐஸ் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அம்மா விழுந்ததும் அப்படி ஒரு வெயில் நாளின் மறுநாள் காலையில்தான்.

கடைக்குப் போனால் மூன்று ரகம் இருக்கும். ஒன்று, ரப்பர் வலையைச் சுற்றி ஸ்பிரிங் மாதிரி இரும்புக் கம்பி சுற்றியது. லேசானது, நடக்க உறுத்தாது, மிதித்து இறுகிய பனியில் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி ஐஸில் கம்பி உள்ளே இறங்காது, வழுக்கும். இன்னொன்று, சங்கிலியும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீண்ட பற்களும் கொண்டது. மலை ஏறுபவர்களுக்கானது. பிடிப்பில் இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால், நடைபாதையில் பாதி ஐஸ், பாதி வெறும் சிமென்ட் என்று மாறி மாறி வரும்போது, சிமென்டில் இந்தப் பற்கள் ஆளைத் தூக்கிவைத்ததுபோல இருக்கும். 61 வயதுக்காரர் அதிலேயே தடுக்கி விழுவார்.

நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது: ரப்பர் சட்டத்தில் குட்டையான ஆணிகள் பதித்த ரகம். இதில்தான் நல்லதும் மட்டமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன.

ஆணி எதில் செய்தது என்று பாருங்கள். சாதாரண இரும்பு ஆணி சிமென்டில் உரசி உரசி மொட்டையாகிவிடும். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்தது என்றால் வெகுநாள் தாங்கும். கான்கிரீட் துளைக்கும் டிரில் பிட்டின் நுனியில் இருக்கும் அதே பொருள். தினமும் பள்ளி வரை போய்வருபவருக்கு அந்த வெறும் சிமென்ட் பகுதிதான் எதிரி. உப்பு தூவித் தூவி நகரத்து நடைபாதைகளில் பாதி இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஆணி எங்கெங்கே இருக்கிறது? சில மலிவு ரகங்களில் முன்பாதத்தில் மட்டும் ஐந்தாறு ஆணி வைத்து முடித்துவிடுகிறார்கள். நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால். அங்கே பிடிப்பு இல்லாவிட்டால் முன்னால் எத்தனை ஆணி இருந்து என்ன?

ரப்பர்தான் பெரிய விஷயம். ஆணி தேய்வதற்கு முன்பே பெரும்பாலும் கிழிவது ரப்பர். மட்டமான ரப்பர் குளிரில் விறைத்துப்போய், இழுத்தால் விரிசல் விடும். இதற்கு ஒரு வீட்டு வைத்தியம் செய்துபார்த்தேன். இங்கேயே ஆன்லைனில் மலிவான ஒரு ஜோடியை வரவழைத்து, ஃப்ரீஸரில் பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வைத்தேன். ஃப்ரீஸர் என்பது சுமார் மைனஸ் 18 டிகிரி. டொரன்டோவின் குளிரான ஒரு காலை. காலையில் எடுத்து இழுத்தால், பழைய சைக்கிள் டியூப் மாதிரி முறுக்கிக்கொண்டது. ஒரு ஆணி ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகக் கீறலும் தெரிந்தது. (`ஃப்ரீஸர்ல செருப்பா?' என்று ரூம்மேட் இரண்டு நாள் பேசவில்லை.) நல்ல ரகம் என்றால் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உடனேயும் இழுபடும். ஆணியைச் சுற்றி ரப்பர் தடிமனாக இருக்கும். பின்னங்காலில் பிடித்து இழுக்க ஒரு காதும் இருக்கும். மூட்டுவலி இருக்கும் விரல்களுக்கு அந்தக் காது ரொம்ப முக்கியம். கழன்ற ஆணிக்குப் பதில் புது ஆணி போட்டுக்கொள்ளும் மாடல்களும் உண்டு. ஒரே வீட்டில் வருடாவருடம் யாராவது வந்து போவதாக இருந்தால் அது லாபம்.

சைஸ் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அம்மாவின் செருப்பு சைஸ் 6 என்று அதற்கே வாங்கக் கூடாது. பனி பூட்ஸ் வெளியில் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் இருக்கும். ரொம்ப இழுபட்டால் கிழியும், தொளதொளவென்றால் கழன்று விழும். பூட்ஸை எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பதுதான் சரி. மாட்டிக்கொண்டு காலை உதறினால் நகரக் கூடாது. அம்மாவின் பூட்ஸ் அக்கா வீட்டிலேயே இருந்ததால் எங்களுக்கு அந்த வேலை சுலபமாயிற்று.

ஆணி இருக்கிறதே என்று பூட்ஸை விட்டுவிடவும் முடியாது. டொரன்டோவில் ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையம் ஐஸ் தரையைச் சாய்த்து, அதில் மனிதர்களை நடக்கவைத்து, பூட்ஸ்களுக்கு `ஸ்னோஃப்ளேக்' மதிப்பெண் தருகிறது. 7 டிகிரி சரிவில் வழுக்காமல் நின்றால் ஒன்று, 11-க்கு இரண்டு, 15-க்கு மூன்று. 2016-ல் முதன்முதலாகப் பட்டியல் வெளியிட்டபோது பத்து பூட்ஸில் ஒன்றுகூட அந்த 7 டிகிரியைத் தாண்டவில்லை! `ரேட் மை ட்ரெட்ஸ்' என்று தேடினால் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும்.

நான் எதிர்பார்க்காத ஆபத்து ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. ஐஸில் பிடிக்கும் அதே ஆணி, டைல்ஸ் தரையில் சறுக்கிவிடும். மாலுக்குள், மெட்ரோ படிக்கட்டில், கோயில் வாசலில் எல்லாம் கழற்றியாக வேண்டும். கழற்றி வைக்க ஒரு துணிப்பை, உட்கார்ந்து மாட்ட வாசலில் ஒரு ஸ்டூல். நின்றபடி ஒற்றைக்காலில் மாட்டப்போய் விழுவதில் அர்த்தமில்லை. புடவைக் கொசுவமும் நீள சுடிதாரும் ஆணியில் மாட்டும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடைதான் சரி. வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் ரோட்டு உப்பு துருவாக மாறாது.

அக்காவின் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். 30 வருடப் பனி பார்த்தவர். மாவுக்கட்டோடு இருந்த அம்மாவிடம் அவர் சொன்னது: ``கையைப் பொக்கெற்றுக்குள்ள வைக்காதேங்கோ. வாத்து மாதிரி சின்னச் சின்ன அடியா வையுங்கோ. ஒருத்தரும் பார்த்துச் சிரிக்க மாட்டினம், எல்லாரும் அப்பிடித்தான் நடக்கினம்." அம்மா இப்போது திருச்சி வீட்டு மொட்டை மாடியில் தினமும் வாத்து நடை பழகுகிறார்.

கார்பைடு ஆணி, தடித்த ரப்பர், குதிகாலிலும் பிடிப்பு என்று பார்த்து அக்கா ஒரு ஜோடி வாங்கிவிட்டார். பழைய ஜோடியைப்போல மூன்று மடங்கு விலை. வீடியோ காலில் அம்மா கேட்ட ஒரே கேள்வி, ``எவ்வளவுடி ஆச்சு?" பாதியாகச் சொல்லியிருக்கிறோம். கிழிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று பேரன் மேல் சத்தியமும் வாங்கியிருக்கிறோம். அம்மா இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். திருச்சி உறவினர்கள் யாரும் ஃபார்வேர்டு செய்துவிட வேண்டாம்.